மாகுலா துளை: கத்தியா, காத்திருப்பா?

"அம்மாவுக்குக் கண்ணில் ஓட்டையாம். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமாம்." நம் நண்பர்கள் வட்டத்தில் இப்படி ஒரு செய்தி பரவினால் போதும், அன்று மாலைக்குள் பத்து யோசனைகள் வந்து சேர்ந்துவிடும். "பேசாமல் ஊருக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே செலவு குறைவு" என்பார் ஒருவர். "எங்கள் பெரியம்மாவுக்கு அது தானாகவே மூடிக்கொண்டது. அவசரப்பட்டுக் கத்தி வைக்காதீர்கள்" என்பார் இன்னொருவர். "கண் விஷயம், ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது" என்பார் மூன்றாமவர். மூவரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூவருமே கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: "ஸ்கேன் படத்தில் என்ன தெரிகிறது?"

விழித்திரையின் நடுவில் விழும் துளைகளில் சில, அறுவை சிகிச்சை இல்லாமலே மூடிக்கொள்வது உண்மைதான். எது மூடக்கூடும், எது மூடாது என்பதற்குச் சில அடையாளங்கள் ஸ்கேன் படத்தில் தெரிகின்றன. அந்த அடையாளங்களைப் பார்க்காமல் "உடனே செய்" என்பதும் சரியல்ல, "சும்மா விடு" என்பதும் சரியல்ல. ஒரு ஸ்கேனை மட்டும் வைத்து முடிவெடுப்பதைவிட, தேதி குறித்து எடுத்த இரண்டாவது ஸ்கேனையும் பார்த்து முடிவெடுப்பது நல்லது என்பதே நம் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

துளை எங்கே விழுகிறது?

கண்ணின் பின்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய திரைதான் விழித்திரை. அதன் நடுப்பகுதிக்கு மாகுலா என்று பெயர். புத்தகம் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரில் நிற்பவரின் முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் இந்தச் சிறு பகுதியின் வேலை. கண்ணின் உட்புறத்தை விட்ரியஸ் என்ற தெளிவான கூழ் நிரப்பியிருக்கிறது. வயதாக ஆக இந்தக் கூழ் நீர்த்துச் சுருங்கி, விழித்திரையை விட்டு மெல்ல விலகுகிறது. பெரும்பாலோருக்கு இது தொல்லையின்றி நடந்துவிடும். சிலருக்கு மட்டும் கூழ் மாகுலாவின் மையத்தில் ஒட்டிக்கொண்டு விடாமல் இழுக்கிறது. அந்த இழுப்பில் திரை கிழிந்து சிறு துளை விழுகிறது. அதுதான் மாகுலா துளை.

இந்த இழுப்பே காரணம் என்பதை விளக்கி, துளை உருவாகும் படிநிலைகளை 1988-ல் வகுத்துக் காட்டியவர் மயாமியைச் சேர்ந்த விழித்திரை நிபுணர் டொனால்ட் காஸ். ஸ்கேன் கருவி வருவதற்கு முன்பே, கண்ணால் பார்த்தே அவர் அதை ஊகித்தார்.

இது பெரும்பாலும் 60 வயதைக் கடந்தவர்களுக்கு வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மினசோட்டா மாநிலத்தின் ஓம்ஸ்டெட் கவுன்ட்டியில் நடந்த ஆய்வு ஒன்றில் ஆண் ஒருவருக்குப் பெண்கள் மூவர் என்ற விகிதத்தையும் தாண்டியது. சென்னையில் சங்கர நேத்ராலயா மருத்துவர்கள், நகரத்திலும் கிராமத்திலும் 40 வயதைக் கடந்தவர்களைப் பரிசோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில் 0.17 சதவீதம் பேருக்கு இத்துளை இருந்தது. ஆயிரம் பேருக்குக் கிட்டத்தட்ட இருவர். அரிதுதான். ஆனால் நியூ ஜெர்சியிலோ, பே ஏரியாவிலோ, டெக்சஸிலோ ஒரு பொங்கல் விழாவுக்கு வந்து உட்காரும் அம்மாக்களையும் பாட்டிகளையும் எண்ணிப் பார்த்தால், நமக்குத் தொடர்பில்லாத நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

1991: இரண்டு திருப்பங்கள்

1991 வரை மாகுலா துளைக்குச் சிகிச்சை இல்லை என்றே கருதப்பட்டது. அந்த ஆண்டு கலிபோர்னியாவின் சேக்ரமென்டோ நகர மருத்துவர்கள் நீல் கெல்லி, ராபர்ட் வெண்டல் இருவரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கண்ணுக்குள் இருக்கும் கூழை அகற்றி, வாயுக் குமிழ் ஒன்றை நிரப்பி, நோயாளியைக் குப்புறக் கவிழ்ந்த நிலையில் இருக்கச் செய்தார்கள். 52 கண்களில் 30 கண்களின் துளை மூடியது. இன்று உட்சவ்வையும் உரித்தெடுத்துச் செய்யும் அதே வகை அறுவையில், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட துளைகள் மூடுகின்றன.

அதே 1991-ல், பாஸ்டன் பகுதியில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, எரிக் ஸ்வான்சன் ஆகியோர் அடங்கிய குழு ஓ.சி.டி. என்ற புதிய படமெடுக்கும் முறையை அறிவித்தது. வயிற்றுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஒலியைக் கொண்டு படமெடுப்பதுபோல், இது ஒளியைக் கொண்டு படமெடுக்கிறது. ஊசி இல்லை, எக்ஸ்ரே இல்லை, வலி இல்லை. முகவாயைத் தாங்கியில் வைத்து ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். லேயர் கேக்கை வெட்டினால் பக்கவாட்டில் அடுக்குகள் தெரிவதைப்போல, விழித்திரையின் அடுக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியும். பே ஏரியாவில் இயங்கிய ஹம்ப்ரி நிறுவனத்தின் மூலம் 1996-ல் இக்கருவி விற்பனைக்கு வந்தது. அந்த மூவருக்கும் 2023-ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

அறுவை சிகிச்சை வந்ததால் துளையை மூட முடிந்தது. ஸ்கேன் வந்ததால், சில துளைகள் தாமாகவே எப்படி மூடுகின்றன என்பதைப் படிப்படியாகப் பார்க்க முடிந்தது. 1999-ல் ஜப்பானிய மருத்துவர்கள் தகஹாஷி, கிஷி இருவரும் அப்படி மூடிய துளைகளின் ஓ.சி.டி. படங்களை வெளியிட்டார்கள். அதன்பின் பல நாடுகளிலிருந்தும் இத்தகைய பதிவுகள் வந்துள்ளன.

எத்தனை பேருக்குத் தானாக மூடும்?

இங்கேதான் நாம் நிதானமாக இருக்க வேண்டும். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் ஆய்வு 2004-ல் வெளியானது. அறுவை செய்யாமல் கண்காணித்த கண்களில், இரண்டு ஆண்டு முடிவில் 11.5 சதவீதத் துளைகளே தாமாக மூடியிருந்தன. அறுவை செய்த கண்களில் 81 சதவீதம் மூடின. கண்ணுக்குள் செலுத்தும் ஒரு மருந்தைப் பற்றி 2012-ல் வந்த ஆய்விலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் 10.6 சதவீதம் பேருக்குத் துளை மூடியது. மருந்து பெற்றவர்களுக்கு 40.6 சதவீதம். (அந்த மருந்து இன்று அமெரிக்கச் சந்தையில் இல்லை.)

முழுத் துளையாகிவிட்டால், பத்தில் ஒன்று தானாக மூடலாம். மீதி ஒன்பது மூடுவதில்லை. அவற்றில் பல, நாளடைவில் பெரிதாகின்றன. ஆனால் துளை முழுதாக விழுவதற்கு முந்தைய நிலையில், கூழ் இழுத்துக்கொண்டு மட்டும் இருக்கும்போது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த இழுப்பு தானே விட்டுப் போய்விடுகிறது. எனவே "பெரியம்மாவுக்குத் தானாக மூடியது" என்று ஒருவர் சொல்லும்போது, அந்தப் பெரியம்மாவுக்கு எந்த நிலையில் இருந்தது என்பது தெரியாமல் அதை நம் அம்மாவுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

படத்தில் எதைப் பார்க்கிறார்கள்?

பரோட்டா மாவை வீசும்போது சிறு ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? இழுத்துக்கொண்டே இருந்தால் ஓட்டை பெரிதாகும். இழுப்பதை நிறுத்தினால் மாவு கொஞ்சம் சுருங்கி, ஓட்டையும் சிறிதாகும். மாகுலா துளைக்கும் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். இதை மனதில் வைத்துக்கொண்டால் ஸ்கேனில் மருத்துவர் தேடும் அடையாளங்கள் நமக்கும் விளங்கும்.

முதலாவது, இழுப்பு. விழித்திரைக்கு மேலே மெல்லிய கோடாகக் கூழின் எல்லை தெரியும். அது துளையின் விளிம்பில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, அல்லது விட்டு விலகிவிட்டதா? விலகியிருந்தால் நல்ல அறிகுறி. தானாக மூடிய துளைகள் பலவற்றில் இந்த விலகல் நடந்திருந்தது.

இரண்டாவது, அளவு. துளையின் மிகக் குறுகிய இடத்தை மைக்ரான் கணக்கில் அளப்பார்கள். ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். 2013-ல் வெளியான பன்னாட்டு வகைப்பாட்டின்படி 250 மைக்ரான் வரை, அதாவது கால் மில்லிமீட்டர் வரை, சிறிய துளை. 400 வரை நடுத்தரம். அதற்கு மேல் பெரியது. தானாக மூடுபவை பெரும்பாலும் சிறிய துளைகளே. பெரிய துளை தானாக மூடும் என்று காத்திருப்பது, மழை வரும் என்று கிணறு வெட்டாமல் இருப்பதைப் போன்றது.

மூன்றாவது, விளிம்பு. துளையின் ஓரத்தில் நீர் கோத்து, சிறு சிறு நீர்ப்பைகளோடு விளிம்பு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அல்லது வீக்கம் வடிந்து, இரு பக்கத்து விளிம்புகளும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றனவா? வீக்கம் வடிவது சாதகமான அறிகுறி.

நான்காவது, பாலம். இதுதான் மிக முக்கியமானது. துளை மூடும்போது முதலில் மேல் அடுக்கில், ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மெல்லிய திசு பாலம்போல நீள்கிறது. விழித்திரையைத் தாங்கி நிற்கும் துணை செல்கள் இந்த வேலையைச் செய்வதாகக் கருதப்படுகிறது. பாலத்துக்குக் கீழே, ஆற்றில் நீர் வற்றிய இடம்போல ஒரு வெற்றிடம் சில காலம் இருக்கும். பிறகு அதுவும் குறுகி நிரம்புகிறது. படத்தில் பாலம் தெரிந்துவிட்டால், அறுவைக்கு அவசரப்படாமல் இன்னும் சில வாரம் பார்க்கலாம் என்று பல மருத்துவர்கள் சொல்வார்கள்.

இந்த நான்கில் எதுவுமே உறுதிச்சீட்டு அல்ல. எல்லா அறிகுறியும் நன்றாக இருந்தும் மூடாத துளைகள் உண்டு. ஆனால் நான்கிலும் ஒன்றை கவனியுங்கள். விலகியது, சிறிதானது, வடிந்தது, பாலம் போட்டது. எல்லாமே மாற்றத்தைச் சொல்லும் சொற்கள். மாற்றத்தை அறிய ஒரு படம் போதாது. முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டு படங்களை அருகருகே வைத்தால்தான் தெரியும்.

மூடிவிட்டால் பார்வை வந்துவிடுமா?

உடனே வராது. மேல் அடுக்கு மூடிய பிறகும் கீழே ஒளியை உணரும் செல்களின் அடுக்கு சீராக நாள் ஆகும். ஸ்கேனில் இவை மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகளில் உள்ள இடைவெளி மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைகிறது. கோடு தொடர்ச்சியானால் பார்வையும் பெரும்பாலும் தேறுகிறது. இடைவெளி அப்படியே நின்றுவிட்டால், துளை மூடியிருந்தும் எழுத்துகள் நடுவில் சற்று மங்கலாகவே இருக்கலாம். மூடிய துளை மீண்டும் திறந்த நிகழ்வுகளும் உண்டு. எனவே "மூடிவிட்டது, இனி டாக்டர் எதற்கு" என்று விட்டுவிடக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துளை தானாக மூடும் அந்தப் பத்தில் ஒருவர், அந்த வாரம் எதைச் சாப்பிட்டாரோ, எந்த எண்ணெயைத் தடவினாரோ, அதற்குத்தான் பெருமை போய்ச் சேரும். விளக்கெண்ணெய், தேன், பூச்சாறு என்று கண்ணில் விடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் முற்றிலும் போகவில்லை. துளை இருப்பது கண்ணின் பின்சுவரில். மேலே விடும் தேன் அங்கே போவதில்லை. கருவிழியில் கிருமித் தொற்றை வேண்டுமானால் உண்டாக்கலாம். சிறிய துளைகளுக்கு வீக்கத்தைக் குறைக்கும் சொட்டு மருந்துகளைச் சில மருத்துவர்கள் இப்போது முயன்று பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம். அது ஸ்கேன் பார்த்து, தேதி குறித்து, மருத்துவர் கண்காணிப்பில் நடப்பது.

பந்து பட்ட கண்

மாகுலா துளை பெரியவர்களுக்கு மட்டும் வருவதல்ல. பந்தோ, ஷட்டில்காக்கோ, பட்டாசோ கண்ணில் வேகமாகப் பட்டால் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரலாம். வார இறுதியில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடாத தமிழ்க் குடியிருப்பு இங்கே உண்டா?

இவ்வகைத் துளைகளின் போக்கு வேறு. இவை தானாக மூடும் வாய்ப்பு அதிகம். பாஸ்டன் மருத்துவர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் இப்படிப்பட்ட 28 பேரில் 11 பேருக்குத் துளை தானாக மூடியது. அவர்களில் பாதிப் பேருக்கு ஆறு வாரத்துக்குள்ளேயே மூடிவிட்டது. அதனால் இளம் வயதினருக்கு அடிபட்டு விழுந்த துளையை, உடனே அறுவை செய்யாமல் சில வாரம் முதல் சில மாதம் வரை ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பது பல மருத்துவர்களின் வழக்கம். பெற்றோர் இதை "டாக்டர் அலட்சியமாக இருக்கிறார்" என்று எண்ண வேண்டாம். அதே சமயம் கண்ணில் அடிபட்டால் அன்றே காட்டியாக வேண்டும். துளையைவிட ஆபத்தான விழித்திரைப் பிரிவு, உள் ரத்தக்கசிவு போன்றவை இருக்கின்றனவா என்பது முதலில் தெரிய வேண்டும்.

விசாவும் விமானமும்

அமெரிக்காவில் வாழும் நமக்கு இந்த நோயில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பெற்றோர் ஆறு மாதத்துக்கு வருகிறார்கள். மூன்றாவது மாதம் "ஒரு கண்ணில் முகம் தெரியவில்லை" என்கிறார்கள். விசிட்டர் இன்சூரன்ஸ் பலவற்றில், வருவதற்கு முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடையாது. திரும்பும் டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. அறுவையின்போது கண்ணில் வைக்கும் வாயு முற்றிலும் கரையும் வரை விமானத்தில் ஏறவே கூடாது. உயரே போகும்போது வாயு விரிந்து கண்ணின் அழுத்தம் ஏறி, பார்வையே போய்விடலாம். மலைப்பாதைப் பயணமும் அப்படித்தான். பயன்படுத்தும் வாயுவைப் பொறுத்து இரண்டு மூன்று வாரமோ, ஆறு எட்டு வாரமோ ஆகும். இந்தக் காலத்தில் வேறு அறுவை எதற்காவது மயக்க மருந்து தருவதானால், நைட்ரஸ் ஆக்சைடு தரக் கூடாது என்பதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இயற்கை லென்ஸ் உள்ளவர்களுக்கு, இந்த அறுவைக்குப் பின் ஓரிரு ஆண்டில் கண்புரை வளர்வதும் சகஜம். பல நாள் குப்புறக் கவிழ்ந்து இருக்கச் சொன்னால், முதுகுவலியும் கழுத்துவலியும் உள்ள ஒரு 70 வயதுக்காரருக்கு அது எளிதல்ல.

அதனால்தான் தேவையில்லாத அறுவையைத் தவிர்ப்பது வெறும் பணக் கணக்கு அல்ல. தேவையான அறுவையைத் தள்ளிப்போடாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம். ஆறு மாதத்துக்கு மேல் பழகிப்போன துளைகளில், மூடும் வாய்ப்பும் பார்வை தேறும் வாய்ப்பும் குறைகின்றன. "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இங்கே மூன்று மாதம், அங்கே கல்யாணம், திருவிழா என்று மூன்று மாதம் கழித்தால், அந்த இழப்பைப் பிறகு ஈடுகட்ட முடியாது.

ஊருக்கே போவதென்று முடிவானால் தயக்கம் வேண்டியதில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் ஓ.சி.டி. ஸ்கேனும் உண்டு, விழித்திரை அறுவை நிபுணர்களும் உண்டு. ஆனால் இங்கே எடுத்த படத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். படம் இல்லாமல் போனால், அங்கே எடுக்கும் ஸ்கேன்தான் முதல் ஸ்கேன். துளை சுருங்குகிறதா, விரிகிறதா என்று ஒப்பிட எதுவும் இருக்காது.

"டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?"

இப்படிக் கேட்பவர்கள் நம்மில் பலர். நியாயமான கேள்விதான். படத்தைப் படிப்பது மருத்துவரின் வேலை. நாம் அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் முந்தைய படத்தைப் பத்திரமாக வைத்திருப்பதும், அடுத்த படம் எப்போது என்று கேட்பதும் குடும்பத்தின் வேலை. நியூ ஜெர்சி மருத்துவருக்குக் கோவையில் எடுத்த படம் தெரியாது. கோவை மருத்துவருக்கு டாலஸில் எடுத்த படம் தெரியாது. இரண்டு ஊருக்கும் நடுவே இருப்பது நாம் மட்டும்தான்.

அமெரிக்காவில் ஹிப்பா சட்ட விதிகளின்படி நம் மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு. ஸ்கேன் படமும் அதில் அடக்கம். வெறும் அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், படத்தையும் கேளுங்கள்.

அறுவை என்று முடிவானால், அதற்கு முன்பு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பீர்களா என்று கேட்பதில் தவறே இல்லை. நாள் குறித்த பிறகு, அறுவைக்கு முந்தைய ஸ்கேனில் துளை மூடியிருப்பது தெரிந்து அறுவையே வேண்டாம் என்றான நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அடிக்கடி நடப்பதல்ல. ஆனால் சில நிமிட ஸ்கேனுக்கு ஒரு அறுவையையே தவிர்க்கும் வாய்ப்பு இருக்கும்போது, கேட்காமல் விடுவானேன்?

மருத்துவரிடம் கேட்க இந்த ஐந்து கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள்:

1. இது முழுத் துளையா, அல்லது இழுப்பு மட்டும்தானா?
2. துளையின் அளவு எத்தனை மைக்ரான்?
3. கூழ் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறதா, விட்டுவிட்டதா?
4. காத்திருந்தால் எத்தனை வாரம்? அடுத்த ஸ்கேன் எந்தத் தேதி?
5. அறுவை என்றால், அதற்கு முன் இன்னொரு ஸ்கேன் உண்டா? எந்த வாயு, எத்தனை நாள் விமானம் ஏறக் கூடாது?

நான்காவது கேள்விக்குத் தேதியோடு பதில் வரவில்லை என்றால், அதைக் காத்திருப்பு என்று சொல்ல முடியாது. அது மறந்துபோவதற்கான முதல் படி.

வீட்டிலேயே ஒரு சோதனை

இத்தனையும் துளை இருப்பது தெரிந்த பிறகு. தெரிவதே பல நேரங்களில் தாமதமாகிறது. ஒரு கண் நன்றாக இருந்தால் மறு கண்ணின் குறை வெளியே தெரியாது. ஆகவே வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் சுவரில் மாட்டிய மாதக் காலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி அணிபவர்கள் அணிந்தே பார்க்கட்டும். பிறகு மறு கண். கட்டங்களின் கோடுகள் வளைந்தோ நெளிந்தோ தெரிகின்றனவா? நடுவில் ஒரு எண் காணாமல் போகிறதா? கோலம் போடும் அம்மாக்களுக்கு இது இன்னும் எளிது. நேராக வைத்த புள்ளி வரிசை ஒரு கண்ணுக்கு மட்டும் வளைந்து தெரிந்தால், அது கை நடுக்கமல்ல. அந்த வாரமே கண் மருத்துவரைப் பாருங்கள். ஒரு கண்ணில் துளை வந்தவர்களுக்கு மறு கண்ணிலும் வர ஓரளவு வாய்ப்பு உண்டு என்பதால், அவர்கள் இந்தச் சோதனையை விடவே கூடாது.

நம் பெற்றோர் "வயசாச்சு, கண் மங்கத்தான் செய்யும்" என்று தாமே சமாதானம் சொல்லிக்கொள்ளும் தலைமுறை. நமக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று கோணல் கோட்டையும் நேர்க்கோடு என்று சொல்லிவிடுவார்கள். அடுத்த முறை அவர்கள் வரும்போது, சூட்கேஸில் வரும் ஊறுகாய், மருந்து மாத்திரைகளோடு பழைய கண் பரிசோதனைச் சீட்டுகளையும் எடுத்துவரச் சொல்லுங்கள். இங்கே எடுக்கும் படங்களை அதே கோப்பில் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். ஒரு கண்ணின் இரண்டு படங்கள் ஒரே கோப்பில் இருந்தால், எந்த ஊர் மருத்துவராக இருந்தாலும் அவருக்கு முடிவெடுப்பது எளிதாகும்.

(இது பொதுவான தகவலும் கருத்தும் மட்டுமே. உங்கள் கண்ணுக்கான முடிவை உங்கள் மருத்துவரைக் கலந்து எடுங்கள்.)